ஆஃபர் லெட்டரை நூறால் பெருக்குவதற்கு முன்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு, முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினான். மியூனிக்கில் வேலை, வருடத்துக்கு 60,000 யூரோ, திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். கீழே ஒரே வரி: "அண்ணா, அறுபது லட்சம்ணா!" யூரோவை நூறு ரூபாயாக வைத்துப் பெருக்கியிருக்கிறான். பெங்களூருவில் அவனுக்கு 32 லட்சம். மனைவிக்கு ஒயிட்ஃபீல்டில் டெஸ்டிங் வேலை, 14 லட்சம். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை.

வெளிநாட்டு ஆஃபர் வந்த எல்லோரும் முதலில் செய்கிற தவறு இந்தப் பெருக்கல்தான். நானும் செய்திருக்கிறேன்.

60,000 என்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. மாதம் 5,000 யூரோவில் வருமான வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையிழப்புக் காப்பீடு எல்லாம் போனால், தனி ஆளுக்குக் கையில் வருவது சுமார் 3,150. மனைவிக்குச் சம்பளம் இல்லையென்றால் வரி வகுப்பு மாறி முந்நூறு, நானூறு யூரோ கூடக் கிடைக்கும். அடுத்தது வாடகை. ஜெர்மனியில் "குளிர் வாடகை", "சூடான வாடகை" என்று இரண்டு உண்டு, முதலாவது வெறும் வீட்டுக்கு, இரண்டாவதில் ஹீட்டிங்கும் பராமரிப்பும் சேரும், அப்படியும் கரண்ட்டும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் தனி. மியூனிக்கில் மூன்று பேர் இருக்கிற மாதிரி வீடு 1,500 யூரோவுக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாதக் குளிர் வாடகை என்று சட்டம் இருக்கிறது, பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய பெங்களூருக்காரனுக்கு அது சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பல வீடுகளில் சமையலறை என்று ஒரு காலி அறைதான் இருக்கும், அடுப்பும் அலமாரியும் நாம்தான் வாங்கிப் போட வேண்டும். அந்தச் செலவு யார் எக்செல்லிலும் வராது.

மறுபக்கமும் உண்டு. அங்கே குழந்தைக்கு மாதம் 255 யூரோ அரசே கொடுக்கிறது (2025 கணக்கு), அரசுப் பள்ளிக்கு ஃபீஸ் கிடையாது. இங்கே எல்கேஜிக்கு ஒன்றரை லட்சம் கட்டுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆகவே சம்பளத்தோடு சம்பளத்தை ஒப்பிடாமல், குடும்பமாக இரண்டு ஊரிலும் மாதக் கடைசியில் என்ன மிஞ்சும் என்று போட்டுப் பாருங்கள். தம்பியின் கணக்கில் மனைவியின் 14 லட்சம் காணாமலே போயிருந்தது. அதைச் சேர்த்ததும் அறுபது லட்சம் ரொம்பவே இளைத்துவிட்டது.

துபாய் என்றால் வேறு மாதிரி ஏமாறுவோம். வருமான வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் வீட்டு வாடகையைப் பின்தேதியிட்ட சில செக்குகளாக முதலிலேயே கேட்பார்கள், பிள்ளைகளின் பள்ளி ஃபீஸ் நம் தலையில். ஆஃபரில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று கண்டிப்பாகப் பாருங்கள். வேலையை விடும்போது வரும் கிராஜுவிட்டி முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம்தான். மொத்தம் பெரிதாக இருந்து அடிப்படை சிறிதாக இருந்தால் கடைசியில் கையில் வருவதும் சிறிதுதான்.

இதெல்லாம் பணக் கணக்கு, தப்பானாலும் சமாளித்துவிடலாம். பெரிய தவறு வேறு. போவதைப் பற்றியே யோசிக்கிறோம், போன இடத்தில் வேலை போனால் என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை.

பெங்களூருவில் வேலை போனால் வருத்தப்படுவோம், கடனுக்குப் பயப்படுவோம், ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டில் விசாவே வேலையோடு கட்டிப்போட்டது. அமெரிக்காவில் எச்-1பி வேலை விசா என்றால் அதிகபட்சம் 60 நாள். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்கிற வேலை அனுமதி ரத்தானால் வழக்கமாக 30 நாள். நெதர்லாந்தில் மூன்று மாதம் வரை. அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

2018-ல் நான் ஆம்ஸ்டர்டாம் போனபோது இதை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நம் ஊர் ஆஃபர் லெட்டரில் முடிகிற தேதி என்று ஒன்று இருக்காதல்லவா, அதனால் என் ஒப்பந்தத்தில் "ஒரு வருடம்" என்று இருந்ததைப் படித்தும் மனதில் ஏறவில்லை. ஃபார்மாலிட்டி என்று நினைத்துக்கொண்டேன். முடிய ஒரு மாதம் இருக்கும்போது, புதுப்பிக்கப் போவதில்லை என்று மெயில் வந்தது. மனைவி அப்போது ஆறு மாதம். யாராவது வேலை கொடுத்தால் போதும் என்றும் இல்லை, அந்த கம்பெனி குடியேற்றத் துறை அங்கீகரித்த ஸ்பான்சராக இருக்க வேண்டும், சம்பளமும் அரசு சொல்லும் அளவைத் தொட வேண்டும். பத்தாவது வாரத்தில் ஒன்று கிடைத்தது. அந்தப் பத்து வாரத்தில் எனக்கு முன்தலை நரைத்தது, மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஆகவே ஒப்பந்தம் நிரந்தரமா, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமா, புரொபேஷன் எத்தனை மாதம், அதில் நோட்டீஸ் எத்தனை நாள் என்பதைச் சம்பளத்துக்கு முன்னால் படியுங்கள். ஜெர்மனியில் புரொபேஷன் ஆறு மாதம் வரை இருக்கலாம், அந்தக் காலத்தில் இரண்டு வார நோட்டீஸில் அனுப்பிவிடலாம். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

அப்புறம், விசா வருவதற்கு முன் பேப்பர் போடுவது, அதாவது ராஜினாமா கொடுப்பது. நம் கம்பெனிகளின் 90 நாள் நோட்டீஸ்தான் இதற்குக் காரணம். அங்கே ஆறு வாரத்தில் வா என்பார்கள், இங்கே மூன்று மாதம் விட மாட்டார்கள், பதற்றத்தில் இன்றே ராஜினாமா அனுப்பிவிடுவோம். விதிகள் ஒரே ராத்திரியில் மாறும். 2025 செப்டம்பர் 19 அன்று எச்-1பி புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்து இரண்டே நாளில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். யாருக்குப் பொருந்தும் என்று தெளிவாவதற்குள், லீவுக்கு ஊருக்கு வந்திருந்த பலர் கிடைத்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். விசா பாஸ்போர்ட்டில் ஒட்டின பிறகுதான் பேப்பர் போடுவேன் என்று புது கம்பெனியிடம் நேராகச் சொல்லுங்கள், அவர்களுக்கு இது புதிதல்ல. இடமாற்றச் செலவுக்கு அவர்கள் தரும் பணத்தையும் பாருங்கள், இத்தனை மாதத்துக்குள் விட்டுப் போனால் திருப்பித் தரணும் என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும்.

மனைவியிடம் கடைசியாகக் கேட்பதும் நம் வழக்கம், அதுவும் "நீ என்ன சொல்றே?" என்று கேட்காமல் "போகலாமா?" என்று கேட்பது. அவருக்கு அங்கே வேலை செய்ய அனுமதி உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் ப்ளூ கார்டு என்கிற வேலை அனுமதியிலும் நெதர்லாந்திலும் துணைவர் போனதுமே வேலை தேடலாம். சிங்கப்பூரில் 2021 மே முதல், குடும்பத்தினருக்கான டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர் வேலை பார்க்க வேண்டுமென்றால் பொதுவாகத் தனியாக ஒரு வேலை பாஸ் வாங்க வேண்டும். அமெரிக்காவில் எச்-1பிக்காரரின் துணைவருக்கு (எச்-4 விசா), உங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டிய பிறகுதான் வாய்ப்பே. பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த பெண் வெளிநாட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மழையைப் பார்ப்பது முதல் இரண்டு மாதம்தான் நன்றாக இருக்கும்.

பெற்றோர் விஷயத்தில் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். "கூட்டிட்டுப் போயிடலாம்" என்று சொல்வது சுலபம். சிங்கப்பூரில் பெற்றோரை நீண்ட நாள் வைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 12,000 சிங்கப்பூர் டாலர் இருக்க வேண்டும். பெங்களூருவில் இருக்கிறவரைக்கும் நமக்கு மடிவாளாவில் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் இருக்கிறது, சில்க் போர்டில் ஒரு மணி நேரம் நின்றாலும் விடிந்தால் சேலமோ ஈரோடோ நாமக்கல்லோ. அந்த பஸ்ஸின் விலை நமக்குத் தெரிவதே இல்லை. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ஃபோன் வந்தால் நீங்கள் வந்து சேரும்வரை யார் கூட நிற்பார்கள்? பெயரும் நம்பருமாக ஒருவர் இருக்க வேண்டும், அவரிடம் முன்கூட்டியே பேசியிருக்கவும் வேண்டும். தங்கை பார்த்துக்கொள்வாள் என்றால் முதலில் தங்கையைக் கேளுங்கள்.

கிளம்பும் மாதம்கூட முக்கியம். வேலைக்காக வெளிநாடு போகிற இந்தியர், ஏப்ரலில் தொடங்கும் அந்த நிதியாண்டில் இங்கே 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் வரிக் கணக்கில் என்ஆர்ஐ, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர். அதாவது செப்டம்பர் கடைசி வாரம் ஒரு கோடு. வரி இல்லாத துபாய்க்கு அக்டோபரில் கிளம்பினால், அங்கே வாங்கும் சம்பளத்துக்கும் அந்த வருடம் இங்கே வரி கேட்க வாய்ப்பு உண்டு. டிக்கெட் போடும் முன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். சாதா சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றவும் மறக்காதீர்கள்.

இன்னொன்று, இது ஐடி ஆட்களுக்கு நடக்காது என்று நினைக்காதீர்கள். தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைத்து ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது, குறி வைத்தது கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களைத்தான். பேருக்கு ஒரு ஃபோன் இன்டர்வியூ, டூரிஸ்ட் விசாவில் வா, மற்றதை அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த நம்பரை பிளாக் பண்ணுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம், அவர்கள் வாங்கக்கூடிய கட்டணத்துக்கே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு.

சரி, தம்பிக்கு வருவோம். திங்கட்கிழமைக்குள் என்று அவர்கள் சொன்னதை அவன் கோர்ட் உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தான். நேரம் கேட்டால் ஆஃபர் போய்விடும் என்ற பயம். மூன்று மாதம் ஐந்து ரவுண்டு இன்டர்வியூ வைத்துத் தேர்ந்தெடுத்தவர்கள் ஒரு வாரத்துக்காகத் தூக்கிப் போட மாட்டார்கள், கேள் என்றேன். கேட்டான், பத்து நாள் கொடுத்தார்கள். வீடு கிடைக்கும்வரை தற்காலிகமாகத் தங்க இடம் தருவீர்களா என்று கேட்டதற்கு இரண்டு மாதம் என்று பதில் வந்தது. சம்பளத்தைக் கூட்ட மாட்டார்களாம்.

நேற்று பேசினேன். அவன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவன் மனைவி அதற்குள் இந்திரா நகர் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள்.