இந்திய லைசென்ஸை ஜெர்மன் லைசென்ஸா மாத்துறது எப்படி? முதல் தடவை பண்றவங்களுக்காக

ஜெர்மனிக்கு வந்து வீடு புடிச்சு, அட்ரஸ் பதிவு பண்ணி, பேங்க் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி, கொஞ்சம் மூச்சு விடுற நேரத்துலதான் நிறைய பேருக்கு லைசென்ஸ் ஞாபகமே வருது, அதுக்குள்ள ஆறு மாசத்துல பாதி ஓடிப்போயிருக்கும். அந்த ஆறு மாசம்தான் இங்க முக்கியமான கணக்கு. நீங்க இங்க குடியேறுன நாள்ல இருந்து ஆறு மாசம் வரைக்கும்தான் நம்ம இந்திய லைசென்ஸை வச்சு வண்டி ஓட்டலாம், அதுக்கு மேல ஓட்டுனா அது சாதாரண ஃபைன் இல்ல, லைசென்ஸ் இல்லாம ஓட்டுன கிரிமினல் கேஸ், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனை குடுக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. விசாவுல இருக்கிற நமக்கு அது தேவையே இல்லாத தலைவலி, அதனால இந்த விஷயத்துல தயவு செஞ்சு ரிஸ்க் எடுக்காதீங்க.

ஒரு நல்ல விஷயம், ஆறு மாசம் முடிஞ்சுட்டா ஓட்டத்தான் கூடாது, மாத்துற உரிமை போயிடாது. ரெண்டு வருஷம் கழிச்சு கூட அப்ளை பண்ணலாம்.

டெஸ்ட் யாருக்கு உண்டு?

ஐரோப்பிய யூனியன் நாட்டு லைசென்ஸ் இருந்தா அப்படியே ஓட்டலாம். ஜப்பான், தென் கொரியா, சிங்கப்பூர் மாதிரி சில நாடுகள் ஒரு தனி லிஸ்ட்ல இருக்கு, அவங்களுக்கு டெஸ்ட் இல்லாமயே மாத்திக் குடுப்பாங்க. இந்தியாவும் இலங்கையும் அந்த லிஸ்ட்ல இல்ல, அதனால நமக்கு எழுத்து டெஸ்டும் உண்டு, ரோடு டெஸ்டும் உண்டு. ஆனா புதுசா லைசென்ஸ் எடுக்கிறவங்களுக்கு இருக்கிற கட்டாய வகுப்புகள் நமக்குக் கிடையாது. அவங்க 14 தியரி கிளாஸ் உக்காரணும், ஊருக்கு வெளிய, ஆட்டோபான்ல (இங்க இருக்கிற எக்ஸ்பிரஸ்வே), ராத்திரியிலன்னு 12 ஸ்பெஷல் டிரைவிங் கிளாஸ் போகணும். நாம நேரா டெஸ்டுக்குப் போகலாம், அதுதான் பெரிய பணம் மிச்சம்.

ஊர்ல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடியே செய்ய வேண்டியது

இந்தப் பகுதிய இன்னும் ஃப்ளைட் ஏறாதவங்க ரெண்டு தடவை படிங்க, ஏன்னா இங்க வந்தப்புறம் இதையெல்லாம் சரி பண்றது ரொம்ப கஷ்டம்.

முதல்ல பேரு. பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா இருக்கும், லைசென்ஸ்ல வெறும் இனிஷியல் மட்டும் இருக்கும், நம்ம தமிழ்நாட்டு ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு இதே கதைதான். நமக்கு அது ரெண்டும் ஒண்ணுன்னு தெரியும், ஜெர்மன் ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வேற பேரு, ரெண்டு வேற ஆளான்னு கேள்வி வரும். பரிவாகன்னு இந்திய அரசோட போக்குவரத்து சைட்ல பேரு திருத்தத்துக்கு அப்ளை பண்ணி பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே மாத்திக்கிட்டு வந்துடுங்க.

அடுத்தது வேலிடிட்டி. அப்ளை பண்ற நேரத்துல லைசென்ஸ் உயிரோட இருக்கணும், அது முடியப் போகுதுன்னா ஊர்லயே ரின்யூ பண்ணிடுங்க. பழைய புக் மாதிரி லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க கார்டா மாத்திக்கோங்க. எல்எல்ஆர் எல்லாம் இங்க கணக்கே இல்ல.

அப்புறம் இன்னொரு விஷயம், இதுல நிறைய பேரு ஏமாந்து போறாங்க. இங்க குடியேறுனதுக்கு அப்புறம் லீவுக்கு ஊருக்குப் போய் அங்க லைசென்ஸ் எடுத்துட்டு வந்து மாத்திக்கலாம்னு நினைக்காதீங்க, இங்க குடியிருக்கிற காலத்துல வெளிநாட்டுல எடுத்த லைசென்ஸை ஏத்துக்க மாட்டாங்க. இங்க வர்றதுக்கு முன்னாடி எடுத்ததா இருக்கணும்.

கிளம்புறப்போ ஆர்டிஓ ஆபீஸ்ல இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டும் வாங்கிக்கோங்க. முதல் ஆறு மாசம் ஓட்டுறப்போ இந்திய லைசென்ஸ் கூட அது இருந்தா தனியா ஜெர்மன் மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

பேப்பர் சேக்கிறது

வந்து இறங்குன முதல் மாசமே இதை ஆரம்பிச்சுடுங்க. தேவைப்படுறது பாஸ்போர்ட், அட்ரஸ் பதிவு பண்ண சர்டிபிகேட், பயோமெட்ரிக் போட்டோ, ஒரிஜினல் இந்திய லைசென்ஸ், அதோட ஜெர்மன் மொழிபெயர்ப்பு, கண் டெஸ்ட், முதலுதவி கோர்ஸ் சர்டிபிகேட், அப்புறம் நீங்க எந்த டிரைவிங் ஸ்கூல்ல டெஸ்டுக்குப் போகப் போறீங்கன்ற விவரம்.

மொழிபெயர்ப்பு ஏடிஏசின்னு இங்க இருக்கிற பெரிய வாகன ஓட்டிகள் சங்கத்தோட ஆபீஸ்ல பண்ணிக் குடுப்பாங்க, ஆனா உங்க ஊர் ஆபீஸ் யாரோட மொழிபெயர்ப்ப ஏத்துக்கும்னு கேட்டுட்டு காசு கட்டுங்க. கண் டெஸ்ட் கண்ணாடிக் கடையிலயே நடக்கும், அஞ்சு நிமிஷம், பத்து யூரோவுக்குள்ள முடியும், அந்த பேப்பர் ரெண்டு வருஷம் செல்லும். முதலுதவி கோர்ஸ் ஒரு நாள் முழுக்க, 45 நிமிஷக் கணக்குல 9 பாடம். செஞ்சிலுவைச் சங்கம், யொஹானிட்டர், மால்டேசர்னு நிறைய இடத்துல நடத்துறாங்க, பெரிய ஊர்ல இங்கிலீஷ்லயும் கிடைக்கும். அதை வெறும் சம்பிரதாயமா நினைக்காம கவனிச்சுக் கத்துக்கோங்க, நெஞ்சை அமுக்கி உயிரைக் காப்பாத்துறது எப்படின்னு சொல்லித் தர்றாங்க, எந்த ரோட்டுல எப்போ தேவைப்படும்னு யாருக்குத் தெரியும்.

அப்ளை பண்றது

உங்க ஊர் லைசென்ஸ் ஆபீஸ்ல, கிராமப் பக்கம்னா மாவட்ட ஆபீஸ்ல, அப்பாயின்ட்மென்ட் எடுத்துக் குடுக்கணும். ஃபீஸ் ஊருக்கு ஊர் மாறும். அவங்க சரிபார்த்து முடிக்க வாரக்கணக்குலயும் ஆகும், சில ஊர்ல மாசக்கணக்குலயும் ஆகும். முடிஞ்சதும் டெஸ்ட் நடத்துற அமைப்புக்கு ஆர்டர் போகும், கிழக்குப் பக்கத்துல பெரும்பாலும் டெக்ரா, மேற்குல டியூஃப். அதுல இருந்து எழுத்து டெஸ்ட் பாஸ் பண்ண ஒரு வருஷம், அதை பாஸ் பண்ணதுல இருந்து ரோடு டெஸ்டுக்கு ஒரு வருஷம்.

பேப்பர் நகர்ற இந்த நேரத்த வீணாக்காதீங்க, தியரி படிக்க இதுதான் நேரம்.

டிரைவிங் ஸ்கூல் எதுக்கு?

கட்டாய கிளாஸ் இல்லைன்னாலும் ஸ்கூல் இல்லாம டெஸ்டுக்குப் போக முடியாது, ஏன்னா டெஸ்ட் அவங்க ரெட்டை பிரேக் வண்டியிலதான், பக்கத்துல அவங்க மாஸ்டரும் உக்காந்திருக்கணும். சேருறதுக்கு முன்னாடி வெளிநாட்டு லைசென்ஸ் மாத்துறவங்களுக்கு என்ன ரேட்டு, ஒரு கிளாஸ் எவ்வளவு, டெஸ்ட் அன்னைக்கு தனியா எவ்வளவுன்னு எழுதி வாங்குங்க. மொத்தமா ஆயிரம் யூரோவத் தாண்டுறது சகஜம், அதுல பெரிய பங்கு டிரைவிங் கிளாஸ்தான். இங்கிலீஷ் பேசுற மாஸ்டர் இருந்தா நல்லது, பொறுமையா பேசுறவரா இருந்தா இன்னும் நல்லது.

ஆட்டோமேட்டிக் வண்டியில டெஸ்ட் குடுத்தா லைசென்ஸ்ல 78ன்னு ஒரு நம்பர் விழலாம், அது விழுந்துட்டா கியர் வண்டி ஓட்ட முடியாது. ஊர்ல கியர் வண்டி ஓட்டிப் பழகுனவங்க இதை முதல்லயே மாஸ்டர்கிட்ட பேசிடுங்க.

எழுத்து டெஸ்ட்

கேள்வி மொத்தம் 30, கம்ப்யூட்டர்லதான். தமிழ் கிடையாது, ஹிந்தியும் கிடையாது, இங்கிலீஷ் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் 2ல இருந்து 5 வரைக்கும் தப்புப் பாயின்ட், மொத்தமா 10 பாயின்ட் வரைக்கும் மன்னிப்பாங்க, ஆனா 5 பாயின்ட் கேள்வி ரெண்டு தப்பாச்சுன்னா கூட்டுனா பத்துதான் வருதுன்னாலும் ஃபெயில். ஒரு கேள்விக்கு ரெண்டு மூணு பதில் சரியா இருக்கலாம், எல்லாத்தையும் டிக் பண்ணாதான் சரி, ஒண்ணு விட்டாலும் தப்பு. சில கேள்வி வீடியோவா வரும்.

கேள்வி வங்கியில ஆயிரத்துக்கும் மேல இருக்கு, ஏப்ரல் 1, அக்டோபர் 1ல மாத்துவாங்க, அதனால ஃப்ரெண்டோட பழைய புக்க நம்பாம ஸ்கூல் குடுக்கிற ஆப்ல படிங்க. கணக்கு ஒண்ணு கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். வேகத்த 10ஆல வகுத்து 3ஆல பெருக்குனா, நீங்க பிரேக்ல கால் வைக்கிறதுக்குள்ள வண்டி ஓடுற தூரம். வேகத்த 10ஆல வகுத்து வர்ற எண்ண அதே எண்ணால பெருக்குனா பிரேக் புடிச்சப்புறம் ஓடுற தூரம். 50ல போனா 15 மீட்டர் கூட்டல் 25, மொத்தம் 40 மீட்டர். அதே 100ல போனா 30 கூட்டல் 100, அதாவது 130 மீட்டர். வேகம் ரெண்டு மடங்குதான் ஆச்சு, தூரம் மூணு மடங்கத் தாண்டிடுச்சு பாருங்க. இதைப் புரிஞ்சுக்கிட்டா இடைவெளி விடுற கேள்வி எல்லாம் தன்னால வந்துடும்.

ரோடு டெஸ்ட்

பத்து வருஷம் சென்னையில ஓட்டுனவங்க தடுமாறுறது இங்கதான். ஓட்டத் தெரியாம இல்ல, கை கால் எல்லாம் வேற பழக்கத்துல ஊறிப்போயிருக்கு. அதனால சொல்றேன், புதுசா கத்துக்கிற ஆள் மாதிரியே கொஞ்சம் கிளாஸ் எடுத்துக்கோங்க, அந்தக் காசு வீண் இல்ல, ஃபெயில் ஆனா மறுபடியும் ரெண்டு வாரம் காத்திருந்து டெஸ்ட் ஃபீஸும் வண்டிக் காசும் கட்டணும்.

டெஸ்ட் மொத்தம் 55 நிமிஷம், அதுல வண்டி ஓட்டுறது அரை மணி நேரமாவது இருக்கும். மாஸ்டர் பக்கத்துல, டெஸ்ட் பண்றவர் பின் சீட்ல. பேசுறது ஜெர்மன்லதான், ஆனா பத்து பதினஞ்சு வார்த்தை போதும், வலது பக்கம் திரும்புன்னா 'ரெஷ்ட்ஸ் அப்பீகன்', இடதுன்னா 'லிங்க்ஸ் அப்பீகன்', நேரான்னா 'கெராடே அவுஸ்'. கிளாஸ்லயே மாஸ்டர ஜெர்மன்ல மட்டும் சொல்லச் சொல்லிப் பழகிக்கோங்க.

இனி நம்மாளுங்க விழுற இடங்கள்.

போர்டு, சிக்னல் எதுவும் இல்லாத முச்சந்தி, நாற்சந்தியில வலது பக்கம் இருந்து வர்றவருக்குத்தான் முதல் வழி. 30 கிலோமீட்டர் ஏரியாவுல ஒவ்வொரு சின்னத் தெரு வாயிலயும் இது வரும். வேகத்தக் குறைச்சு, வலது பக்கம் தலையத் திருப்பிப் பாத்துட்டுத்தான் போகணும், யாரும் வரலைன்னாலும் பாக்கணும். நம்மூர்ல பெரிய வண்டிக்கு வழின்னு பழகுன கண்ணுக்கு இது வர கொஞ்ச நாள் ஆகும்.

தோளுக்கு மேல திரும்பிப் பாக்கிறது. கண்ணாடியில பாத்தா மட்டும் போதாது. லேன் மாறுறப்போ, திரும்புறப்போ, ஓரத்துல இருந்து கிளம்புறப்போ தலை நல்லா திரும்பணும், பின் சீட்ல இருக்கிறவருக்கு அது தெரியணும். இது அவங்க நம்மளைப் படுத்துறதுக்காக இல்ல, வலது பக்கம் திரும்புறப்போ அந்த மறைவுலதான் சைக்கிள் வரும், கண்ணாடியில தெரியாது. சைக்கிளைத் தாண்டுறப்போ ஊருக்குள்ள ஒண்ணரை மீட்டர், ஊருக்கு வெளிய ரெண்டு மீட்டர் இடைவெளி, அது இல்லைன்னா பின்னாடியே பொறுமையா போகணும்.

ஸ்டாப் போர்டுன்னா சக்கரம் முழுசா நிக்கணும், உருண்டுக்கிட்டே பாக்கிறது நின்னதா ஆகாது. ஜீப்ரா கிராஸிங் பக்கத்துல ஆள் நின்னா நீங்க நிக்கணும். ஸ்டாப்ல ஹசார்டு லைட் போட்டு நிக்கிற பஸ்ஸை நடக்கிற வேகத்துலதான் தாண்டணும், எதிர்ப்பக்கம் வர்ற வண்டிக்கும் இதே ரூல். ஹாரன் மேல கை வைக்கவே வேணாம், ஆபத்துன்னா மட்டும்தான் அது.

அதே சமயம் பயந்து ரொம்ப மெதுவா போனாலும் தப்பு. மஞ்சள் ஊர் போர்டு உள்ள 50, வெளிய 100, ரோடு காலியா நல்லா இருந்தா அந்த வேகத்துக்குப் பக்கத்துல போகணும். ஆட்டோபான்ல சேர்றப்போ அந்த சேர்ற லேன்லயே அழுத்திப் புடிச்சு ஓடுற வண்டிகளோட வேகத்துக்கு வந்துட்டுத்தான் நுழையணும்.

பார்க்கிங், ரிவர்ஸ், திடீர் பிரேக் இதுல சிலது கேப்பாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி டயர், லைட் பத்தியும் கேள்வி வரலாம், டயர் பள்ளம் குறைஞ்சது 1.6 மில்லிமீட்டர் இருக்கணும்னு ஞாபகம் வச்சுக்கோங்க. மாஸ்டர் ஒரு தடவை பிரேக்ல கால் வச்சு உங்களைக் காப்பாத்த வேண்டி வந்தா டெஸ்ட் அங்கயே முடிஞ்சுது.

பாஸ் ஆனப்புறம்

ஜெர்மன் கார்டு கையில வரணும்னா இந்தியக் கார்டைக் குடுக்கணும். அதை ஆபீஸ்ல பத்திரமா வச்சுக்குவாங்க, கிழிச்செல்லாம் போட மாட்டாங்க, நிரந்தரமா ஊருக்குத் திரும்புறப்போ ஜெர்மன் கார்டைக் குடுத்துட்டு திரும்ப வாங்கிக்கலாம். குடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து வச்சுக்கோங்க, டிஜிலாக்கர்லயும் ஏத்தி வச்சுக்கோங்க. ஜெர்மன் கார்டு 15 வருஷம் செல்லும், அப்புறம் புதுக் கார்டு வாங்க டெஸ்ட் எல்லாம் இல்ல.

பைக் வச்சிருந்தவங்களுக்கு ஒரு வார்த்தை. கார் லைசென்ஸ் வந்தா கூடவே 50 சிசி ஸ்கூட்டர் வரைக்கும்தான் ஓட்டலாம். உங்க இந்திய லைசென்ஸ்ல கியர் பைக் இருந்தா அதையும் சேத்து மாத்த அப்ளை பண்ணலாம், அதுக்குத் தனி டெஸ்ட், பைக் வச்சிருக்கிற ஸ்கூல் வேணும். வேணுமா வேணாமான்னு அப்ளிகேஷன் குடுக்கிறப்போவே முடிவு பண்ணிடுங்க, பின்னாடி சேக்கப் போனா அந்த வரிசையில மறுபடி முதல்ல இருந்து நிக்கணும்.