வால்வு கிட்டார் ஆம்ப்பை வீட்டில் பழுது பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டில் வால்வு என்று சொன்னால் கேட்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது கிணற்றுக்குள் கிடக்கும் ஃபுட்வால்வுதான். கண்ணாடிக் குழாய்க்குள் இழை சிவந்து எரியும் வால்வை அறிந்தவர்கள் பழைய ரேடியோவை வைத்திருந்தவர்களும், நோம்பிக்கு நோம்பி மைக் செட் கட்டியவர்களும் மட்டுமே. என் தந்தை கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் மைக் செட் வைத்திருந்ததால் அந்த வெளிச்சத்தைப் பார்த்தே வளர்ந்தேன். இன்று என் மேசைக்கு வருபவை கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் கிட்டார் வாசிக்கும் இளைஞர்கள் கைமாற்றாக வாங்கிய வால்வு ஆம்ப்ளிஃபயர்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் முதலில் ஏற்பட்ட பழுது சிறியதாகவே இருக்கிறது. வீட்டில் வைத்து அதைச் சரி செய்ய முயன்றபோது உண்டான இரண்டாவது பழுதுதான் செலவு வைக்கிறது. அந்த இரண்டாவது பழுதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

சத்தம் வரவில்லை என்றதும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதே முதல் தவறு. கிட்டார் வயர், ஸ்பீக்கருக்குப் போகும் வயர், இடையில் உள்ள பெடல்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்த பிறகே பெட்டியைத் திறப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். பின்பக்கம் எஃபெக்ட்ஸ் லூப் (பெடல்களை இடையில் இணைப்பதற்கான இரண்டு ஜாக்குகள்) இருக்கும் ஆம்ப்பில் சென்ட், ரிட்டர்ன் இரண்டையும் ஒரு சிறு வயரால் இணைத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் ஜாக்கில் துரு ஏறித்தான் சத்தம் நின்றது என்பது பல நேரங்களில் தெரிந்துவிடும். எட்டு ஓம் ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் அளந்தால் ஏறக்குறைய ஆறு ஓம் காட்டும். அது இயல்பே, ஸ்பீக்கர் கெட்டுவிட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப்பாக இருந்தால், பிளக்கைச் செருகுவதற்கு முன்பே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மாற்றுப் பிளக்கை மட்டும் வாங்கி மாட்டினால் ஃபியூஸ் போய்விடும். ஃபியூஸ் போவதற்குள் வேறு எதுவும் போகாமல் இருந்தால் அது அதிர்ஷ்டம். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்குமே ஒழிய ஹெர்ட்ஸை மாற்றாது. ஆகவே 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கூடுதலாகச் சூடாகும் என்பதை மனத்தில் வைத்து, முதல் நாளில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கை வைத்துப் பார்ப்பது நல்லது.

உயிருக்கே ஆபத்தான தவறு, பிளக்கைப் பிடுங்கிவிட்டால் உள்ளே மின்சாரம் இல்லை என்று நம்புவதாகும். கிட்டார் ஆம்ப்பின் உள்ளே வால்வுகளுக்குப் போகும் நேர் மின்னழுத்தம் சிறிய ஆம்ப்பில் 300 வோல்ட்டுக்கு மேலும், பெரிய ஆம்ப்பில் 450 வோல்ட்டை ஒட்டியும் இருக்கும். அந்த மின்னழுத்தத்தை ஃபில்டர் கண்டென்சர்கள், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்புகள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தேக்கி வைத்திருக்கும். வால்வுகளைச் சூடாக வைத்துக்கொண்டே வாசிப்பை மட்டும் நிறுத்தும் ஸ்டாண்ட்பை சுவிட்ச் உள்ள ஆம்ப்பில் முதலில் ஸ்டாண்ட்பையைப் போட்டுவிட்டு மெயினை அணைப்பவர்கள், வால்வுகள் வழியாகத் தானே வடிந்துபோக வேண்டிய மின்னூட்டத்தையும் வடிய விடாமல் பூட்டி வைக்கிறார்கள். வாசிக்கும் நிலையிலேயே மெயினை அணைத்தால், சூடாக இருக்கும் வால்வுகளே அதில் பெரும் பகுதியை இழுத்துவிடும். மீதி இருக்கிறதா என்பதை மீட்டர்தான் சொல்ல வேண்டும்.

மீதியை வடிக்க ஸ்க்ரூ டிரைவரால் கண்டென்சரைச் சேசிஸோடு (ஆம்ப்பின் உலோகச் சட்டத்தோடு) தொட்டுத் தீப்பொறி பறக்க விடுவது எங்கள் ஊர் மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். நானும் அதைத்தான் முதலில் கற்றேன். அது கண்டென்சரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் நன்றாக உறையிட்ட வயரை வைத்து, ஒரு முனையை முதலை வாய்க் கிளிப்பால் சேசிஸில் கவ்வ விட்டு, மறு முனையைக் கண்டென்சரின் நேர் முனையில் பத்து வினாடி வைத்திருந்தால் மின்னூட்டம் அமைதியாக வடிந்துவிடும். எல்லாக் கண்டென்சர்களுக்கும் இதைச் செய்து, ஒவ்வொன்றையும் மீட்டரில் பார்த்து, பூச்சியத்தை ஒட்டி வந்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். சற்று நேரம் விட்டுப் பார்த்தால் சில வோல்ட் மீண்டும் ஏறியிருக்கும் என்பதால், வேலை முடியும் வரை அந்த ரெசிஸ்டரை மாட்டியே வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் மின்சாரம் கொடுப்பதற்கு முன் அதை மறக்காமல் கழற்ற வேண்டும்.

வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டிருக்கிறேன், ஷாக் அடித்தால் அதுவே விழுந்துவிடும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் நினைத்தது தவறு. டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாவது சுற்று வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிந்து நிற்கிறது. அந்தப் பக்கத்தில் 450 வோல்ட் உங்கள் கை வழியாகச் சேசிஸுக்குப் போனாலும் வெளியே இருக்கும் ஆர்சிசிபிக்கு அது தெரியவே தெரியாது. ஓடும் நிலையில் அளக்க வேண்டி வந்தால், மீட்டரின் கறுப்பு முனையைக் கிளிப்பால் சேசிஸில் மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் சிவப்பு முனையைப் பிடித்து, மறு கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. சந்தையில் கிடைக்கும் மலிவான மீட்டரின் வயர்கள் இதற்கு ஏற்றவை அல்ல. 1000 வோல்ட் தாங்கும் என்று குறிப்பிட்ட முனைகளை வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பத்திகளைப் படிக்கும்போதே தயக்கம் வந்தால், பெட்டிக்கு வெளியே செய்யக்கூடியவற்றோடு நிறுத்திக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஃபியூஸ் போனால் அடுத்த பெரிய ஃபியூஸைப் போடுவதும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகுவதும் மைக் செட் காலத்திலிருந்தே நடக்கும் வேலை. திருவிழா நடுவில் கூட்டம் சத்தம் போடும்போது அதைச் செய்தவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. வீட்டில் அமைதியாக உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சாக்கு இல்லை. அதே அளவில், அதே மெதுவாக உருகும் வகையில் ஒரே ஒரு புது ஃபியூஸைப் போட்டு, அதையும் சீரிஸ் பல்பு வழியாகத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆம்ப்புக்குப் போகும் ஃபேஸ் வயரில் ஒரு குண்டு பல்பை இடையில் வைப்பதே சீரிஸ் பல்பு. இதற்கு எல்இடி பல்பு உதவாது. கடைகளில் குண்டு பல்பு அரிதாகிவிட்டாலும், நாமக்கல், பல்லடம் பக்கம் கோழிக் குஞ்சுகளுக்குச் சூடு காட்டுவதற்காக விற்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். சிறிய ஆம்ப்புக்கு 60 வாட், பெரியதற்கு 100 வாட் போதும். சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு மீண்டும் சுவிட்சைப் போட்டுப் பார்த்து அப்போது மங்கினால் பழுது அந்த வால்வுகளிலோ அவற்றின் பயாஸிலோ (வால்வில் ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் எதிர் மின்னழுத்தத்திலோ) இருக்கிறது. ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயர் வால்வைக் கழற்றிய பிறகும் மங்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்பீக்கரை மாட்டாமல் ஓட்டிப் பார்ப்பது டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் பழகியவர்கள் செய்யும் தவறு. டிரான்சிஸ்டர் ஆம்ப் பெரும்பாலும் அதைப் பொறுத்துக்கொள்ளும். வால்வு ஆம்ப்பில் சுமை இல்லாமல் சிக்னல் போனால், வால்வுகளை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்றில் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு ஏறி உள்ளே இருக்கும் மின்காப்பைத் துளைத்துவிடும். சேசிஸை வெளியே எடுத்து மேசையில் வைக்கும்போது ஸ்பீக்கர் பெட்டியோடு பிரிந்து போய்விடுகிறது, அங்கேதான் மறந்துவிடுகிறார்கள். சேசிஸ் மேசைக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்பீக்கரையோ, அதற்கு ஈடான எட்டு ஓம் பவர் ரெசிஸ்டரையோ மாட்டுவது என் வழக்கம்.

உறுமல் கேட்கிறது என்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டு வந்த ஆம்ப்புகளையும் பார்த்திருக்கிறேன். கிட்டாரின் கம்பிகள் ஆம்ப்பின் சேசிஸோடு இணைந்தவை. எர்த் இல்லாத சேசிஸில் மின்சாரம் ஏறினால் அது வாசிப்பவரின் விரலுக்கும், பக்கத்தில் உள்ள மைக்கைத் தொடும் அவர் உதட்டுக்கும் இடையில்தான் வழி தேடும். தோட்டத்து வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருந்தும் எர்த் வயர் இழுக்கப்படாமலே இருப்பது சாதாரணம் என்பதால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவில் வருகிறதா என்று மீட்டரில் பார்த்த பிறகே உறுமலுக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

உறுமலின் சுருதியே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். 100 ஹெர்ட்ஸில் வரும் உறுமல் வற்றிப்போன ஃபில்டர் கண்டென்சரைக் காட்டும்; அதைவிட ஒரு ஸ்தாயி தாழ்ந்து 50 ஹெர்ட்ஸில் வருவது வால்வின் இழையைச் சூடாக்கும் ஹீட்டர் வயரிங்கையோ எர்த் இணைப்பையோ காட்டும். கிட்டார் வாசிப்பவருக்கு ஐந்தாம் கம்பியின் 110 ஹெர்ட்ஸ் காதில் இருப்பதால் இதைப் பிரித்தறிவது எளிது. வறுபடுவது போன்ற சடசடப்பு வந்தால், 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய முன்நிலை வால்வின் பிளேட்டுக்கு (உயர் மின்னழுத்தம் வரும் தகட்டுக்கு) போகும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைப் பார்க்கலாம். தட்டினால் மணி போல ஒலிக்கும் வால்வைக் கண்டுபிடிக்க, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொன்றாக மெதுவாகத் தட்டினால் போதும்.

இதையெல்லாம் கேட்காமல், எல்லா வால்வுகளையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது பணமுள்ளவர்கள் செய்யும் தவறு. ஒரு காலத்தில் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமே வால்வு செய்தது. இப்போது நாம் வாங்கும் புது வால்வுகள் பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வருகின்றன, விலையும் அதற்கேற்ப இருக்கிறது. கண்ணாடியின் உட்புறத்தில் நீல ஒளி தெரிந்தால் அஞ்ச வேண்டாம். உச்சியில் வெள்ளிப் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. நடுவில் இருக்கும் சாம்பல் நிறப் பிளேட்டே சிவந்து எரிந்தால் உடனே அணைக்க வேண்டும். ஆனால் சிவந்ததற்குக் காரணம் பெரும்பாலும் வால்வுக்கு வெளியில் இருக்கும்: பயாஸ் மின்னழுத்தம் வராமல் நின்றிருக்கலாம், அல்லது முந்தைய வால்விலிருந்து சிக்னலை மட்டும் கடத்த வேண்டிய கப்ளிங் கண்டென்சர் கசிந்து, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்கு நேர் மின்னழுத்தத்தை விட்டிருக்கலாம். காரணத்தைப் பார்க்காமல் புது ஜோடியைச் செருகினால் அதுவும் சில நிமிடங்களில் சிவக்கும்.

நானே ஒருமுறை அப்படி ஒரு ஜோடியை எரித்தேன். பயாஸ் சப்ளை எதிர் மின்னழுத்தம் என்பதால் அங்குள்ள கண்டென்சரின் நேர் முனைதான் சேசிஸுக்குப் போக வேண்டும். மற்ற எல்லாக் கண்டென்சர்களையும் எதிர் முனை சேசிஸில் வைத்து மாற்றி வந்த கை, அதையும் அப்படியே வைத்துவிட்டது. கழற்றுவதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்திருந்தால் நடந்திருக்காது.

மாதக்கணக்கில் மூலையில் கிடந்த ஆம்ப்பில் தூசியே பழுதாகிவிடும். திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வருபவற்றில் பனியன் பஞ்சு வால்வுகளைச் சுற்றிப் படிந்திருக்கும். பல்லி எச்சமும் குளவிக் கூடும் எங்கும் பொது. இஎல் 34, 6எல்6 போன்ற பவர் வால்வுகளில் உயர் மின்னழுத்தம் வரும் மூன்றாம் பின்னும் ஹீட்டருக்கான இரண்டாம் பின்னும் அடுத்தடுத்து இருப்பதால், ஈரம் கலந்த தூசி படிந்த சாக்கெட்டில் அவை இரண்டுக்கும் நடுவே பொறி பாயும். கருகிய சாக்கெட்டைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். கரியே மின்சாரம் கடத்தும் என்பதால் அதை மாற்றியே ஆக வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய தவறு ஒன்று உண்டு. தெருவுக்குத் தெரு மோட்டார் காயில் கட்டும் கடை இருப்பதால், எரிந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் அங்கே கொடுத்துவிடுகிறார்கள். காயில் கட்டுபவரின் கைத்திறனில் குறை இல்லை. மெயின் டிரான்ஸ்ஃபார்மரை அவர் நன்றாகவே சுற்றித் தருவார். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலோ முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் பகுதி பகுதியாக ஒன்றுக்குள் ஒன்று மாறி மாறிச் சுற்றப்பட்டிருக்கும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அந்த வரிசை மாறினால் உயர்ந்த சுருதிகள் மங்கிவிடும். எரிந்ததைப் பிரிக்கும்போதே அடுக்குகளின் வரிசையை எழுதி வைக்கச் சம்மதிப்பவரிடம் மட்டும் கொடுக்கலாம். இல்லையேல் புதியதை வாங்குவதே மலிவு.

பயாஸைச் சரி செய்வது கடைசி வேலை. சீரிஸ் பல்பைக் கழற்றிய பிறகே அதைச் செய்ய வேண்டும். இஎல் 34 வால்வின் பிளேட் தாங்கும் அளவு 25 வாட்; அதில் 70 சதவீதம் 17.5 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் ஒரு வால்வுக்கு ஏறக்குறைய 39 மில்லி ஆம்பியர் வரும். இது மேல் வரம்பே தவிர, எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு அல்ல. விசைத்தறிகள் ஓடும் பகல் நேரத்தில் 210 வோல்ட்டில் பயாஸ் வைத்துவிட்டு, தறிகள் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை இரவில் 245 வோல்ட்டில் வாசித்தால் உள்ளே எல்லா மின்னழுத்தமும் அதே விகிதத்தில் ஏறிவிடும். சோமனூர்ப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவருக்கு 35 மில்லி ஆம்பியரோடு நிறுத்தி வைத்து, பின்பலகையின் உட்புறத்தில் தேதியையும் அன்றைய வோல்ட்டையும் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது அதன் கீழே அவர் தன் வீட்டு ஞாயிறு இரவு வோல்ட்டையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.