ஸ்பீச் தெரபியில் முதுநிலை: எதைப் பார்த்து, எப்படிச் சேர்வது?

பக்கவாதம் வந்து பேச்சு போனவர், திக்கிப் பேசும் கல்லூரி மாணவி, அன்னப்பிளவுக்கு அறுவை சிகிச்சை முடிந்த குழந்தை, தொண்டைப் புற்றுநோய்க்குப் பிறகு தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறவர் என்று எல்லாரும் வந்து சேர்வது ஸ்பீச் தெரபிஸ்டிடம்தான். ‘பேச்சு மொழி நோயியல்’ என்பது படிப்பின் பெயர். அதில் முதுநிலை படிக்க நினைப்பவர்களுக்காக, இந்திய நிலவரப்படி இதை எழுதுகிறேன்.

படி 1: கையில் என்ன பட்டம் இருக்கிறது?

இந்தியாவில் எம்.எஸ்சி. பேச்சு மொழி நோயியலில் சேர பி.ஏ.எஸ்.எல்.பி. பட்டம், அதாவது செவித்திறனும் பேச்சு மொழி நோயியலும் சேர்ந்த இளநிலைப் பட்டம் வேண்டும். மூன்று ஆண்டு வகுப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். உளவியலோ மொழியியலோ நர்சிங்கோ முடித்துவிட்டு நேராக இந்த முதுநிலைக்குள் நுழைய வழியில்லை. இதைத் தெரியாமல் பணம் கட்டி ‘டிப்ளமோ’, ‘சான்றிதழ்’ என்று ஏமாறுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாமல் தொழில் செய்வது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வேறு பட்டம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பி.ஏ.எஸ்.எல்.பி.யை முதலிலிருந்து படிப்பது. இன்னொன்று வெளிநாடு. அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு முதுநிலைதான் நுழைவாயில். வேறு துறைப் பட்டதாரிகள் அடிப்படைப் பாடங்கள் சிலவற்றை முடித்துவிட்டு விண்ணப்பிக்கலாம். அங்கே ‘ஆஷா’ எனப்படும் அமெரிக்கப் பேச்சு மொழி செவித்திறன் சங்கத்தின் சான்றிதழ் பெற 400 மணி நேரக் கிளினிக் பயிற்சி, பிராக்சிஸ் என்ற தகுதித் தேர்வு, அதற்குப் பிறகு குறைந்தது 36 வார மேற்பார்வைப் பணி எல்லாம் தேவை. செலவு பெரிது, கடன் வாங்குவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

படி 2: முதுநிலை உங்களுக்குத் தேவையா?

பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்து ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்தாலே இங்கே வேலை பார்க்கலாம். அப்படியானால் இன்னும் இரண்டு ஆண்டு எதற்கு? கல்லூரியில் பாடம் எடுக்க, ஆராய்ச்சிக்குப் போக, பெரிய மருத்துவமனைகளில் விழுங்குதல் பிரச்சினை, குரல், அஃபேசியா (மூளைப் பாதிப்பால் வரும் மொழி இழப்பு) போன்ற கடினமான கேஸ்களைத் தனியாக முடிவெடுத்துப் பார்க்க. இந்த மூன்றில் ஒன்றாவது உங்களை இழுக்கிறது என்றால் படியுங்கள். ஓராண்டு வேலை பார்த்துவிட்டுப் போவதும் நல்லதுதான். எந்தக் கேஸ் வந்தால் தடுமாறுகிறோம் என்பது அப்போதுதான் தெரியும்.

பேச்சுக்குத் தனி எம்.எஸ்சி., செவித்திறனுக்குத் தனி எம்.எஸ்சி. என்று பல இடங்களில் பிரித்துவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துத் தரும் படிப்பும் சில இடங்களில் உண்டு. விண்ணப்பத்தில் எதை டிக் செய்கிறோம் என்று பார்த்துச் செய்யுங்கள்.

படி 3: கல்லூரியை அதன் கிளினிக்கை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் எல்லாருக்கும் தெரியும். மத்திய அரசு நிறுவனம், என்ட்ரன்ஸ் எழுதித்தான் போக வேண்டும். மும்பையில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம், மணிப்பால், சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா எனப் பட்டியல் நீளும். எந்தக் கல்லூரியானாலும் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆர்.சி.ஐ. இணையதளத்திலேயே சரிபார்த்துவிடுங்கள்.

அப்புறம் அங்கே படிக்கும் சீனியர் ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள். மூக்கு வழியாகக் கேமரா விட்டு விழுங்குதலைப் பார்க்கும் வசதி இருக்கிறதா? அதை மாணவர்கள் பக்கத்தில் நின்று பார்க்க முடியுமா? நரம்பியல் வார்டுக்கும் ஐ.சி.யு.வுக்கும் அனுப்புகிறார்களா? வாரத்துக்கு எத்தனை பெரியவர் கேஸ் கிடைக்கும்? சில இடங்களில் இரண்டு ஆண்டும் பேச்சு தாமதமான குழந்தைகளை மட்டுமே பார்த்து வெளியே வருகிறார்கள். அது முக்கியமான வேலைதான், ஆனால் முதுநிலைக்கு அது மட்டும் போதாது. கட்டடத்தையும் தரவரிசையையும் விட இந்தப் பதில்களுக்கு மதிப்புக் கொடுங்கள்.

படி 4: என்ட்ரன்ஸ்

பி.ஏ.எஸ்.எல்.பி. பாடத்திட்டம்தான் அடிப்படை. குரல்வளையின் தசைகள், மூளை நரம்புகள், ஒலியியல், மொழி வளர்ச்சியின் கட்டங்கள் என்ற வரிசையில் படித்தால் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். ஒலியியல் பயமுறுத்தினால் ‘ப்ராட்’ என்ற இலவச மென்பொருளை இறக்கி உங்கள் குரலையே பதிவு செய்து பாருங்கள். ‘ஆ’, ‘ஈ’, ‘ஊ’ சொல்லும்போது ஃபார்மன்ட் கோடுகள் (குரலில் வலுவாக ஒலிக்கும் அதிர்வெண்களைக் காட்டுபவை) இடம் மாறுவதைக் கண்ணால் பார்த்த பிறகு பாடம் மறக்காது.

படி 5: சேர்ந்த பிறகு

என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயம் இது. பாடப்புத்தகங்களும் பல பரிசோதனைகளும் ஆங்கிலம் பேசுகிறவர்களை வைத்து உருவானவை. நம்மிடம் வருகிறவர் மதுரைத் தமிழோ நெல்லைத் தமிழோ பேசுவார். ஒரு குழந்தை ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்றால், உடனே உச்சரிப்புக் குறைபாடு என்று எழுதிவிடாதீர்கள். அம்மாவும் ‘பளம்’ என்றுதான் சொல்கிறாரா என்று கேளுங்கள். பக்கவாதம் வந்த தாத்தாவிடம் ‘அவன் வருகிறான்’ என்பதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் திணறலாம்; ‘அவன் வர்றான்’ அவருக்கு எளிதாக வரலாம். எந்தத் தமிழில் சோதித்தீர்கள் என்பதை ரிப்போர்ட்டில் எழுதும் பழக்கத்தை முதல் செமஸ்டரிலேயே கொண்டுவாருங்கள்.

குடும்பத்தோடு பேசுவதும் இங்கேதான் கைவரும். “அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்பார்கள், நாக்கில் வசம்பு தேய்த்ததாகச் சொல்வார்கள். கோபப்படாமல் கேளுங்கள். பேச்சு தாமதமான எந்தக் குழந்தைக்கும் முதலில் காது பரிசோதனை நடக்க வேண்டும் என்பதைப் பொறுமையாகப் புரியவையுங்கள்.

டெசர்டேஷன் (ஆய்வேடு) தலைப்பை கிளினிக்கில் அடிக்கடி எழும் கேள்வியிலிருந்து எடுங்கள். தமிழில் சரியான பரிசோதனை இல்லாமல் தவித்த இடங்களே நல்ல தலைப்புகள். எதிக்ஸ் கமிட்டி அனுமதிக்கு நேரம் பிடிக்கும், பங்கேற்பாளர்கள் கிடைக்க அதைவிட நேரம் பிடிக்கும். அதனால் முதல் ஆண்டிலேயே வழிகாட்டியிடம் பேசி வையுங்கள்.

படி 6: முடித்த பிறகு

ஆர்.சி.ஐ. பதிவில் முதுநிலைத் தகுதியையும் சேர்க்க விண்ணப்பியுங்கள். வேலை கிடைத்த மகிழ்ச்சியில் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகள் தேவை என்பதால் கருத்தரங்கு, பயிலரங்குச் சான்றிதழ்களை அன்றன்றே ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் சேமித்து வையுங்கள்.