பழைய பேனா தேடுகிறவர்கள் கெடுக்கும் பேனாக்கள்

அறுபது, எழுபது வருடம் யாரோ ஒருவருடைய மேசை இழுப்பறையில் பத்திரமாகக் கிடந்த மைப்பேனா, பழம்பொருள் கடை வழியாக நம் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே வீணாகிப் போவது சாதாரணமாக நடக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எல்லோரும் பேசுவார்கள். நான் பார்த்தவரை, வாங்குகிறவரின் அவசரம்தான் அதைவிட அதிக சேதம் செய்கிறது.

தேடுகிற இடத்திலிருந்து ஆரம்பிப்போம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன குடும்பங்களின் வீட்டுச் சாமான்கள் வந்து சேர்கிற தெரு அது. உள்ளே நுழைந்ததும் "பழைய பார்க்கர் பேனா இருக்கா?" என்று கேட்பதுதான் முதல் தவறு. கேட்ட மாத்திரத்தில் விலை ஏறிவிடும். நல்ல பேனாக்கள் கண்ணாடி அலமாரியில் இருப்பதைவிட, பிஸ்கட் டப்பாவில் உடைந்த மூக்குக்கண்ணாடி, சாவி, ஓடாத கைக்கடிகாரம் இவற்றோடு கிடப்பதுதான் அதிகம். "சில்லறைச் சாமான் டப்பா ஏதாவது இருந்தா காட்டுங்க" என்று கேட்டுவிட்டு, பொறுமையாகக் கிளறுங்கள்.

சரி, ஒன்று கிடைத்துவிட்டது. பக்கவாட்டில் சின்ன உலோக நெம்புகோல் வைத்த பேனா. ஷீஃபர் என்ற அமெரிக்கர் 1908-இல் காப்புரிமை பெற்ற முறை இது. பிறகு ஸ்வான், பிளாக்பேர்ட், கான்வே ஸ்டூவர்ட், எஸ்டர்புரூக் என்று பல பெயர்களிலும் இதே வழியில் பேனாக்கள் வந்தன. நெம்புகோலைத் தூக்கினால் உள்ளே ஒரு தகடு ரப்பர் டியூபை அமுக்கும். விட்டால் டியூப் விரிந்து மையை உறிஞ்சும். பார்த்ததும் எல்லோருக்கும் அதைத் தூக்கிப் பார்க்கத்தான் கை பரபரக்கும். அங்கேதான் பேனா சாகிறது. இத்தனை வருடத்தில் அந்த ரப்பர் இறுகி, காய்ந்த அப்பளமாகிவிட்டிருக்கும். பலம் கொடுத்துத் தூக்கினால் நெம்புகோலின் ஊசி தெறிக்கும், இல்லையென்றால் அதைச் சுற்றியுள்ள உடல் விரிசல் விடும். நகத்தால் மெல்ல ஒரு தொடு தொடுங்கள். அசையவில்லையா, அதோடு நிறுத்திவிடுங்கள். டியூப் மாற்றுவது சின்ன வேலை, பழைய துண்டுகளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது டியூபை அரக்கு வைத்து ஒட்டுவார்கள். விரிசல் விட்ட உடலுக்கு அப்படி எளிய வைத்தியம் கிடையாது.

அதனால், மை ஏறவில்லை என்பதற்காக ஒரு பேனாவை ஒதுக்க வேண்டாம். ஏறாது என்று தெரிந்தேதான் வாங்குகிறோம். "நல்லா வேலை செய்யும் சார், போன வாரம்கூட எழுதிப் பார்த்தேன்" என்று கடைக்காரர் சொன்னால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மூடியைத் திறப்பதிலும் இதே கதைதான். சில மூடிகள் திருகு, சில இழுவை. உலர்ந்த மை பசையாகி மூடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். வராவிட்டால் முறுக்காமல் விட்டுவிடுங்கள். திறந்தால், மூடியின் வாய் விளிம்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மயிரிழை விரிசல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும், நகத்தை ஓட்டினால் தட்டுப்படும்.

அப்புறம் நிப். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று சட்டைப் பையில் இல்லாமல் பேனா தேடப் போவது வீண். வெறும் கண்ணுக்கு எல்லா நிப்பும் அழகாகத்தான் தெரியும். லென்ஸில் பார்த்தால் முனையில் இரண்டு பாதியாகப் பிளந்த ஒரு சின்ன உருண்டை தெரிய வேண்டும். தேயாமல் எழுத வேண்டும் என்பதற்காகத் தங்கத்தின் நுனியில் பற்றவைத்த கடின உலோகம் அது. ஒரு பாதி சாய்வாகத் தேய்ந்திருந்தால், முன்பு வைத்திருந்தவர் பேனாவைச் சற்றுத் திருப்பிப் பிடித்துப் பல வருடம் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். உங்கள் கைக்கு அது கீறும், ஆனால் சரி செய்யலாம். உருண்டையே இல்லாமல் தட்டையான தங்கம் மட்டும் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். புது முனை வைத்துத் தருகிறவர்கள் அபூர்வம், கூலியும் பேனா விலையைத் தாண்டிவிடும்.

நிப்பைக் கட்டைவிரல் நகத்தில் அழுத்தி, "வளையுதா பாரு" என்று சோதிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். வளையும்தான். வளைந்தது திரும்பி வராமல் போனால்? ஒரு டம்ளர் தண்ணீர் கேளுங்கள். நிப்பை நனைத்து, பழைய காகிதத்தில் அழுத்தாமல் நாலு கோடு இழுங்கள். இரண்டு முனைகளும் ஒன்றாகப் போகின்றனவா, கீறுகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். மையும் வேண்டாம், பலமும் வேண்டாம்.

'14 காரட்' அல்லது அதையே குறிக்கும் '585' என்று பொறித்திருப்பதைப் பார்த்ததும் தங்க விலையைக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலான நிப்புகளில் ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. கவனிக்க வேண்டியது வேறு. பேனாவில் ஒரு கம்பெனிப் பெயரும், நிப்பில் பெயரே இல்லாமல் 'வாரண்டட் 14 காரட்' என்று மட்டும் இருந்தால், அது பின்னால் மாற்றிப் போட்ட நிப்பாக இருக்கலாம். அசலைத் தங்கமாக விற்றுவிட்டு, இரும்பு நிப்பைச் செருகிய பேனாக்களும் சந்தையில் சுற்றுகின்றன. அதற்காக எல்லா எஃகு நிப்பையும் சந்தேகப்பட வேண்டாம். எஸ்டர்புரூக் பேனாக்களுக்கு எஃகு நிப்புதான் அசல், திருகிக் கழற்றி வேறொன்று போட்டுக்கொள்ளும்படியே செய்தார்கள்.

பெயரை நம்பி ஏமாறுவதில் முதலிடம் பார்க்கர் 51-க்கு. 1941-இல் சந்தைக்கு வந்து 1972 வரை தயாரான பேனா. நிப் முழுவதும் கூட்டுக்குள் மறைந்து, நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். அதே தோற்றத்தில் சீனாவின் ஹீரோ 616 நம் ஊரில் ஏராளமாகப் புழங்கியது. நல்ல பேனாதான், ஆனால் 51-இன் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பார்க்கரே 1948-இல் மலிவாக விட்ட 21-உம் கிட்டத்தட்ட இதே முகம். அதன் பிளாஸ்டிக் எளிதில் விரிசல் விடும். மூடியின் கீழ் விளிம்பில் பொறித்திருப்பதை லென்ஸ் வைத்துப் படியுங்கள், உடலிலும் படியுங்கள். ஒரு பேனாவின் மூடியை இன்னொன்றின் உடலுக்கு மாட்டி வைத்திருப்பது சர்வ சாதாரணம்.

51-இலேயே இரண்டு வகை. 1948-க்கு முன் வந்தவற்றில் வால் பக்கம் ஒரு சின்ன மூடி, அதன் கீழே அமுக்குகிற குமிழ். உள்ளே ரப்பர் சவ்வு இருக்கும், அதை மாற்றித்தான் ஆக வேண்டும். பின்னால் வந்தவற்றில் உடலைத் திருகிக் கழற்றினால் உலோக உறைக்குள் ஒளி ஊடுருவும் டியூப். அந்த டியூப் ரப்பர் இல்லை, அதனால் பல பேனாக்களில் இன்றும் கெடாமல் இருக்கிறது. தண்ணீரில் அலசினாலே எழுத ஆரம்பித்துவிடும். முதல் முறை வாங்குகிறவருக்கு இரண்டாவது வகையைத்தான் சொல்வேன்.

வெளிநாட்டுப் பெயர் இல்லை என்று தள்ளிவிடுவதும் தவறுதான். தடிமனாக, கறுப்பாக, ஃபில்லரால் நேரே உடலுக்குள் மை ஊற்றுகிற எபோனைட் (இறுக்கிய ரப்பர்) பேனாக்கள் நம் பக்கக் கடைகளில் நிறையக் கிடைக்கும். ராஜமுந்திரி ரத்னம் போன்றவர்கள் கையால் கடைந்த மரபு அது. திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் இன்றும் அப்படித்தான் கடையப்படுகின்றன. டியூபே இல்லாததால் உள்ளே கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. மெட்ராஸில் தயாரான பைலட்டையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். உடலில் யாருடைய பெயராவது வெட்டியிருந்தால், கல்யாணப் பரிசோ பரீட்சை தேறியதற்கான பரிசோவாக இருக்கும். சேகரிப்பவர்கள் அதற்கு விலை குறைப்பார்கள். பேரம் பேச உங்களுக்கும் நல்ல காரணம்.

இனி வீடு. வந்ததும் வராததுமாக வெந்நீரில் போடுகிறவர்களுக்கு என்ன சொல்வது? எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெயில் பட்ட பழைய எபோனைட்டைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊற வைத்தால் கறுப்பு போய்ப் பழுப்பும் பச்சையும் கலந்த நிறம் வந்துவிடும். கட்டைவிரலால் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கந்தக நெடி வந்தால் எபோனைட். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு என்கிற பழைய காலத்துப் பிளாஸ்டிக். அதற்கு ஸ்பிரிட் ஆகாது, கரைத்துவிடும். இறுகிய பாகத்தைக் கழற்ற மெழுகுவர்த்தியில் காட்டவே கூடாது, குப்பென்று பற்றிக்கொள்ளும். கான்வே ஸ்டூவர்ட்டின் சில பழைய பேனாக்கள் பால் புரதத்தில் செய்த கேசீன். அவை தண்ணீரில் உப்பிவிடும். எது என்று தெரியாதவரை உடலை நனைக்காமல், நிப்பையும் அதற்கு மை கொண்டுவரும் அடியிலுள்ள நாக்கையும் மட்டும் ஆறிய தண்ணீரில் கொஞ்ச நேரம் வையுங்கள். ஊதா நிறம் கசிந்துகொண்டே இருக்கும், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

பாலிஷ் போடும் ஆசையையும் அடக்க வேண்டும். பார்க்கர் வாக்குமேட்டிக் மாதிரியான பேனாவின் உடலில், பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் சில புள்ளிகளும் மெல்லியதாகப் பொறித்திருக்கும். எந்த வருடம் செய்தது என்பதை அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். பற்பசையும் பித்தளைப் பாலிஷும் போட்டுப் பளபளக்க வைக்கும்போது முதலில் அழிவது அதுதான். பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் "பாலிஷ் வேண்டாம், டியூப் மட்டும் மாத்துங்க" என்று வாய் விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மரியாதைக்காகவே தேய்த்துக் கொடுப்பார்கள்.

மைக்கு பிரில், கேம்லின் போன்ற சாதாரண பேனா மை போதும். படம் வரைகிற கறுப்பு இந்தியன் இங்க் மட்டும் வேண்டாம். அது உள்ளே காய்ந்தால் நாக்கின் பள்ளங்களெல்லாம் அடைத்துக்கொள்ளும், தண்ணீருக்கும் அசையாது.