புலப்படத்தை வைத்து நிலத்தின் பரப்பைக் கணக்கிடுவது எப்படி?

பாலக்கோட்டில் தக்காளிக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுவதாக இருந்தாலும் சரி, காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வாங்குவதாக இருந்தாலும் சரி, எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படம் (நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் சர்வே வரைபடம்) கையில் இருந்தால் எத்தனை சென்ட் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

முதலில் படத்தில் அளவை (ஸ்கேல்) என்ன என்று பாருங்கள். 1:1000 என்றால் தாளில் 1 செ.மீ., நிலத்தில் 10 மீட்டர். 1:2000 என்றால் 20 மீட்டர்.

அளவெடுக்கும் முன் பிரிண்ட்டைச் சோதிப்பது ரொம்ப முக்கியம், ஏனென்றால் தாளுக்குள் அடங்கட்டும் என்று பல நேரம் சுருக்கித்தான் எடுத்துத் தருகிறார்கள். 60 மீட்டர் என்று எழுதியிருக்கும் ஒரு கோட்டை அளந்து பாருங்கள். 1:1000 படத்தில் அது சரியாக 6 செ.மீ. இருக்க வேண்டும். 5.7 தான் வருகிறதா? நீளத்தில் 5 சதவீதம்தானே என்று விட்டால் பரப்பில் கிட்டத்தட்ட 10 சதவீதம் போய்விடும், அதாவது ஏக்கருக்குப் பத்து சென்ட். முழு அளவில் மறுபடி பிரிண்ட் எடுங்கள்.

நான்கு பக்க நிலமா, எதிரெதிர் மூலைகளைச் சேர்த்து மூலைவிட்டம் போட்டு இரண்டு முக்கோணமாக்குங்கள். அந்த மூலைவிட்டம் 12 செ.மீ., மற்ற இரு மூலைகளிலிருந்தும் அதற்கு மூலைமட்டம் வைத்து இறக்கிய செங்குத்துக் கோடுகள் 5, 4 செ.மீ. என்றால் பரப்பு 12 × (5 + 4) ÷ 2 = 54 சதுர செ.மீ.

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள்: அளவையை இரண்டு முறை பெருக்க வேண்டும். 1:1000-இல் 1 சதுர செ.மீ. என்பது 10 × 10 = 100 சதுர மீட்டர், அதாவது சரியாக ஒரு ஏர். அப்போது நம் நிலம் 54 ஏர், 0.54 ஹெக்டேர். பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்குதான் இருக்கும் என்பதால் அப்படியே ஒப்பிடலாம். சென்ட்டுக்கு மாற்ற ஏர் கணக்கை 2.47-ஆல் பெருக்கினால் சுமார் 1 ஏக்கர் 33 சென்ட். இதே படம் 1:2000 என்றால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு, 216 ஏர்.

ஓடை ஓரமாக வளைந்து போகும் எல்லைக்கு முக்கோணம் ஒத்துவராது. மில்லிமீட்டர் கிராஃப் தாளில் படியெடுத்துக் கட்டங்களை எண்ணுங்கள், பாதிக்கு மேல் உள்ளே வந்தால் ஒன்று, குறைந்தால் விட்டுவிடுங்கள். 1:1000-இல் சின்னக் கட்டம் ஒன்று ஒரு சதுர மீட்டர்.

அப்புறம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மாதிரி சரிவான இடங்களில் தரையோடு டேப் பிடித்து அளந்தால் படத்தைவிடக் கூடத்தான் வரும். படத்தில் இருப்பது கிடைமட்ட அளவு, அதனால் டேப்பை மட்டமாகப் பிடித்து அளந்துவிட்டு ஒப்பிடுங்கள்.