விமானக் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்தால் டிக்கெட் காசை மீட்பது எப்படி? படிப்படியாக

எங்கள் வீடு களியக்காவிளை சந்தைக்குப் பக்கம். செக்போஸ்ட் தாண்டினால் பாறசாலை, கேரளா. இந்தப் பகுதியில் வளைகுடாவில் ஒரு ஆளாவது இல்லாத வீடு குறைவு. எங்களுக்கு ஏர்போர்ட் என்றாலே திருவனந்தபுரம்தான்.

என் தம்பி ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். விடுமுறை முடிந்து அவனும் அவன் மனைவியும் திரும்பிப் போக டிக்கெட் நான்தான் போட்டேன். என் கிரெடிட் கார்டு, 38,400 ரூபாய். பயணத்துக்கு 11 நாள் இருக்கும்போது அந்தக் கம்பெனி பறப்பதை நிறுத்தியது. கடைசியில் பணம் முழுவதும் திரும்பி வந்தது. ஆனால் நடுவில் ஐந்து வாரம் வீணாகப் போனது. அதற்குக் காரணமான இடத்தைத்தான் கீழே ஐந்தாம் படியில் விரிவாக எழுதியிருக்கிறேன். நேரம் இல்லாதவர்கள் நேராக அங்கே போய்விடுங்கள்.

ஆன்லைனில் டிக்கெட் போடுவது, பி.டி.எஃப். இறக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கிரெடிட் கார்டில், கம்பெனியின் சொந்தத் தளத்தில் புக் செய்யுங்கள்

இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் சார்ஜ்பேக் என்று ஒரு வழி இருக்கிறது. வாங்கிய சேவை கிடைக்காவிட்டால், விற்றவரிடமிருந்து பணத்தைத் திருப்பி எடுக்கும்படி உங்கள் வங்கியிடம் கேட்கலாம். டெபிட் கார்டுக்கும் இது உண்டு. ஆனால் டெபிட் கார்டில் போனது உங்கள் கையிருப்பு. முடிவு வரும்வரை அது வெளியேதான் இருக்கும்.

சொந்தத் தளம் என்று ஏன் சொல்கிறேன்? கார்டு ஸ்டேட்மென்ட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்மேல்தான் வங்கி கேள்வி கேட்கும். பயணத் தளம் வழியாகப் போட்டால் அங்கே அந்தத் தளத்தின் பெயர் இருக்கும். 'நாங்கள் பணத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டோம்' என்று அவர்கள் ஒரு சுற்று பதில் எழுதுவார்கள். வழி அடைபடாது, ஆனால் நீளும்.

ஊர் ஏஜென்ட்டிடம் ரொக்கம் கொடுத்து டிக்கெட் எடுப்பவர்கள் இங்கே நிறைய. தெரிந்த ஆள், நல்ல ஆள், நடு இரவில் கூப்பிட்டாலும் போனை எடுப்பார், எல்லாம் சரி. ஆனால் ரொக்கத்துக்குச் சார்ஜ்பேக் கிடையாது. அவரிடமே எடுப்பதானால் கார்டு தேய்த்துக் கட்டுங்கள், பெயரும் தேதியும் போட்ட பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஊரிலிருந்து மும்பை ஒரு கம்பெனி, மும்பையிலிருந்து வளைகுடா வேறு கம்பெனி என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் போடாதீர்கள். முதல் விமானம் வராமல் இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது கம்பெனிக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. ஒரே பி.என்.ஆர்.இல் இருக்கட்டும். டிக்கெட்டில் 13 இலக்க எண் இருந்தால் முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 098 என்றால் ஏர் இந்தியா, 176 என்றால் எமிரேட்ஸ், 157 என்றால் கத்தார் ஏர்வேஸ். பறக்கப் போவது எந்த விமானமாக இருந்தாலும் டிக்கெட் கொடுத்தது யார் என்பதை அந்த எண் சொல்லிவிடும். மலிவு விலைக் கம்பெனிகள் பலவற்றில் இந்த எண் இருக்காது, பி.என்.ஆர். மட்டும்தான்.

பயணத்தோடு ஓட்டலும் போடுவதானால், 'இந்தத் தேதிவரை இலவசமாக ரத்து செய்யலாம்' என்ற விலையையே எடுங்கள். நூறு இருநூறு கூட ஆனாலும் பரவாயில்லை.

படி 2: அறிகுறிகளைப் பாருங்கள்

சம்பளம் பாக்கி, வாடகைக்குக் கொடுத்தவர்கள் விமானத்தைத் திரும்பக் கேட்கிறார்கள், எண்ணெய்க் கம்பெனி கடன் தர மறுக்கிறது. இந்த மூன்றில் இரண்டு சேர்ந்து செய்தியில் வந்தால் அந்தக் கம்பெனியில் புதிய டிக்கெட் போடாதீர்கள். ஜெட் ஏர்வேஸ் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் வைத்திருந்த கம்பெனி. 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கடைசியாகப் பறந்தபோது கையில் ஓடிக்கொண்டிருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரே இரவில் வந்ததல்ல அது. பல மாதமாகச் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது.

நான் ஃப்ளைட்ராடார்24 செயலியைப் பயன்படுத்துகிறேன். உங்கள் விமான எண்ணைப் போட்டு, கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாள் பறந்தது என்று பாருங்கள். காசு கட்ட வேண்டியதில்லை, இலவசப் பகுதியே போதும்.

ஒரு நாள் நேரம் மாறியதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோவில் பங்குனி, ஐப்பசி ஆராட்டு ஊர்வலம் ரன்வேயைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அந்த மாலைகளில் சில மணி நேரம் ரன்வேயை மூடிவிடுவார்கள், எல்லாக் கம்பெனிக்கும் நேரம் மாறும். அது வேறு, இது வேறு.

படி 3: காகிதங்களை இன்றே எடுத்து வையுங்கள்

கம்பெனி நின்றதும் அதன் தளமும் செயலியும் எத்தனை நாள் திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டிக்கெட் பி.டி.எஃப்., பணம் கட்டிய ரசீது, ஸ்டேட்மென்ட்டில் அந்த வரி, ரத்து என்று வந்த மெயில் அல்லது எஸ்.எம்.எஸ்., கம்பெனித் தளத்தில் போட்ட அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட். ஐந்தும் ஒரே ஃபோல்டரில். ஸ்கிரீன்ஷாட்டில் தேதி தெரிய வேண்டும்.

படி 4: நீங்களாக கேன்சல் செய்யாதீர்கள்

பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது இதுதான். தம்பி மனைவியும் 'அக்கா, கேன்சல் பண்ணிடுவோமா' என்றுதான் கேட்டாள். செய்யவில்லை, நல்லதாகப் போயிற்று.

கம்பெனி ரத்து செய்தால் முழுப் பணமும் உங்களுடையது. நீங்கள் முந்திக்கொண்டு ரத்து செய்தால், டிக்கெட்டின் ரத்துக் கட்டண விதி வந்து உட்கார்ந்துகொள்ளும். வங்கியும் 'சேவை கிடைக்கவில்லை' என்று எடுத்துக்கொள்ளாது. 'வாடிக்கையாளரே வேண்டாம் என்றார்' என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே கம்பெனியின் ரத்து அறிவிப்பு எழுத்தில் வரும்வரை அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

அறிவிப்பு முதலில் சின்னதாகத்தான் வரும். கோ ஃபர்ஸ்ட் 2023 மே 2 அன்று திவால் மனு போட்டபோது, முதலில் சில நாள் விமானங்களைத்தான் ரத்து என்றார்கள். பிறகு இன்னும் சில நாள், பிறகு இன்னும் கொஞ்சம். அந்த விமானங்கள் மறுபடி பயணிகளை ஏற்றவே இல்லை. 2025 ஜனவரியில் கம்பெனியைக் கலைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 'அடுத்த வாரம் பறப்போம்' என்ற வார்த்தையை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்புறம், 'பணத்துக்குப் பதில் கிரெடிட் ஷெல்லில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பறக்கலாம்' என்று கேட்பார்கள். அதாவது பணம் கம்பெனியிடமே இருக்கும், அடுத்த டிக்கெட்டுக்குக் கூப்பன் மாதிரி. வேண்டாம் என்று எழுத்தில் பதில் போடுங்கள். ரீஃபண்டைக் கிரெடிட் ஷெல்லில் வைப்பது பயணியின் விருப்பம், கம்பெனி தானாகத் திணிக்கக் கூடாது என்று விமானக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதியே சொல்கிறது. கம்பெனியே மூழ்கும்போது அதன் கூப்பனும் சேர்ந்து மூழ்கும். ரீஃபண்ட் வேண்டும் என்று ஒரு மெயில் அனுப்பி, அந்த மெயிலையும் ஃபோல்டரில் போடுங்கள்.

படி 5: வங்கியில் டிஸ்ப்யூட் (பரிவர்த்தனை பற்றிய புகார்)

நான் தடுமாறியது இங்கேதான். வங்கிச் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டு 'டிஸ்ப்யூட்' என்று போட்டேன். காரணம் கேட்டு ஒரு பட்டியல் வந்தது. முதலில் இருந்தது, 'இந்தப் பரிவர்த்தனையில் எனக்குப் பிரச்சினை' என்ற பொருளில் ஒரு வரி. அதைத் தேர்ந்தெடுத்தேன். அது மோசடிப் புகாருக்கான வரி என்பது பிறகுதான் தெரிந்தது. உடனே கார்டை முடக்கினார்கள், புதுக் கார்டு வந்தது. ஐந்து வாரம் கழித்து, 'ஓ.டி.பி. போட்டது நீங்கள்தான், ஆகவே மோசடி இல்லை' என்று புகாரை மூடிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான், நான் கேட்ட கேள்விதான் தவறு.

எனவே பட்டியலை முழுவதும் படியுங்கள். நமக்கு வேண்டியது 'சர்வீசஸ் நாட் ப்ரொவைடட்', அதாவது சேவை வழங்கப்படவில்லை. 'அன்ஆதரைஸ்டு', 'ஃப்ராடு' என்ற சொல் இருக்கிற எதையும் தொடாதீர்கள். செயலியில் சரியான வரி இல்லையென்றால் செயலியை விட்டுவிடுங்கள். கார்டுப் பிரிவின் மெயில் முகவரிக்கு எழுதுங்கள். நான் இப்போது செயலியை நம்புவதே இல்லை, மெயில்தான். எழுதியது அப்படியே கையில் இருக்கும், புகார் எண்ணும் வரும்.

மெயிலில் கதை வேண்டாம். என் இரண்டாவது மெயிலில் இருந்தது இவ்வளவுதான்:

'பரிவர்த்தனை தேதி இது, தொகை 38,400 ரூபாய். இந்தத் தேதிப் பயணத்துக்காகக் கட்டினேன். விமானக் கம்பெனி இந்தத் தேதியில் விமானத்தை ரத்து செய்து, சேவையையே நிறுத்திவிட்டது. மாற்று விமானம் தரவில்லை. ரீஃபண்ட் கேட்டு இந்தத் தேதியில் மெயில் அனுப்பினேன், பணம் வரவில்லை. நான் டிக்கெட்டை ரத்து செய்யவில்லை, கிரெடிட் ஷெல்லையும் ஏற்கவில்லை. சேவை வழங்கப்படவில்லை என்ற காரணத்தில் சார்ஜ்பேக் எழுப்பவும். சான்றுகள் இணைப்பில்.'

இதை ஆங்கிலத்தில் அனுப்பினேன். 47 நாளில் பணம் வந்தது.

கெடு முக்கியம். விசா, மாஸ்டர்கார்டு விதியில் பொதுவாக 120 நாள். பணம் கட்டிய நாளிலிருந்து அல்ல, பயணம் நடந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். நான்கு மாதம் முன்பே டிக்கெட் போட்டவர்கள் 'கெடு முடிந்தது' என்று கைவிட்டுவிடாதீர்கள். ஆனால் உங்கள் வங்கி இதைவிடக் குறைவாக ஒரு கெடு வைத்திருக்கலாம். ரத்து அறிவிப்பு வந்த வாரமே எழுதிவிடுங்கள்.

சில வங்கிகள் விசாரணை முடியும் முன்பே தற்காலிகமாகப் பணம் வரவு வைக்கும். அதைச் செலவு செய்யாதீர்கள், தோற்றால் திரும்ப எடுப்பார்கள். கார்டு பில்லையும் நிறுத்தாமல் கட்டுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனிலேயே புகார் செய்யலாம். கட்டணம் இல்லை.

படி 6: கடன்காரர் வரிசையிலும் பெயர் கொடுங்கள்

கம்பெனியின் திவால் மனுவைத் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால், 2016ஆம் ஆண்டு திவால் சட்டப்படி கம்பெனிமேல் வழக்குகளுக்குத் தடை விழும். நுகர்வோர் நீதிமன்றத்தில் கம்பெனிமேல் போட்ட வழக்கும் அப்படியே நிற்கும். பொறுப்பேற்கும் அதிகாரி பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்பார். அறிவிப்பில் கடைசித் தேதி இருக்கும், பொதுவாகப் பதினான்கு நாள். படிவத்தை நிரப்பி மெயிலில் அனுப்பினால் போதும், வக்கீல் வேண்டியதில்லை.

இதில் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். நம் பக்கம் சீட்டுக் கம்பெனி கவிழ்ந்து பார்த்தவர்களுக்கு இந்த வரிசை தெரியும். நடைமுறைச் செலவு, தொழிலாளர் பாக்கி, அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கி என்று முன்னால் ஆள் நிற்பார்கள், பயணி பின்னால். ஆனாலும் பெயர் கொடுங்கள். சார்ஜ்பேக்கில் பணம் வந்துவிட்டால் கோரிக்கையைத் திரும்பப் பெறுங்கள், ஒரே பணத்தை இரண்டு இடத்தில் வாங்கக் கூடாது.

பின்சேர்க்கை 1

இதைப் படித்துவிட்டு மூன்று பேர் கேட்டது: யு.பி.ஐ.யில் கட்டியிருந்தால்? செயலியிலேயே புகார் போடுங்கள், ஆனால் அந்த ஏற்பாடு பெரும்பாலும் பணம் போய்ச் சேராத சிக்கலுக்கானது. சேவை வராததற்கு அதை நம்பி நான் பெரிய தொகை கட்ட மாட்டேன். விமானப் பயணிகளின் புகாருக்கான அரசுத் தளமான ஏர்சேவாவிலும் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்துவிட்டு, ஆறாம் படிக்குப் போங்கள்.

பின்சேர்க்கை 2

பயணக் காப்பீடு எடுத்திருக்கிறேன், போதாதா என்று குழித்துறையிலிருந்து ஒரு அண்ணன் கேட்டார். பாலிசியில் விலக்குப் பகுதியைப் படித்துப் பார்க்கச் சொன்னேன். விமானக் கம்பெனியின் திவால் அங்கே விலக்காகவே இருந்தது. உங்களுடையதிலும் 'இன்சால்வன்சி' என்ற சொல்லைத் தேடுங்கள்.

பின்சேர்க்கை 3

வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் ரீஃபண்டுக்காகக் காத்திருக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அமீரகத்தின் சாதாரணக் குடியிருப்பு விசா செல்லாமல் போய்விடும். ஒரு கம்பெனி நின்றால் மற்றவற்றின் விலை ஏறும்; திருவனந்தபுரத்தோடு கொச்சி, மதுரை, கோயம்புத்தூரையும் சேர்த்துப் பாருங்கள். என் தம்பியும் அவன் மனைவியும் குழித்துறையில் ரயில் ஏறி, கொச்சியிலிருந்து பறந்தார்கள். புது டிக்கெட்டையும் என் கார்டில்தான் போட்டேன்.