படம் இல்லாமல் தொடங்குங்கள்: இதழ் அட்டை வடிவமைப்பைக் கற்கும் முறை

இதழ் அட்டை வடிவமைக்கக் கற்கும் மாணவர்களில் பெரும்பாலோர் நல்லதொரு புகைப்படத்தைத் தேடிப் பிடிப்பதிலிருந்துதான் வேலையைத் தொடங்குகிறார்கள். படம் அழகாக அமைந்துவிட்டால் அட்டையும் அழகாகத் தெரிகிறது. எழுத்தை எங்கே, எந்த அளவில், எவ்வளவு இடைவெளியுடன் வைப்பது என்பதை அவர்கள் இன்னும் கற்கவில்லை என்ற உண்மை அந்த அழகுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. ஆகவே முதல் சில வாரங்களுக்குப் படமே இல்லாத அட்டைகளை மட்டும் செய்யுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். எழுத்து, வெற்றிடம், இரண்டே வண்ணங்கள் ஆகியவை போதும். 1966 ஏப்ரல் 8 தேதியிட்ட டைம் இதழ், கடவுள் இறந்துவிட்டாரா என்று கேட்கும் மூன்று ஆங்கிலச் சொற்களைக் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் பெரிதாக அச்சிட்டு, படம் எதுவுமின்றி வெளிவந்தது. எழுத்தை மட்டுமே கொண்டு அந்த இதழ் வெளியிட்ட முதல் அட்டை அதுவே. எழுத்து தனியாக நின்று ஓர் அட்டையைத் தாங்க முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கணினியைத் திறப்பதற்கு முன்னால், நீங்கள் வடிவமைக்கப் போகும் இதழில் என்னென்ன கட்டுரைகள் இருக்கின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். கற்பனை இதழாக இருந்தாலும் இந்தப் பட்டியல் வேண்டும். அவற்றில் எது முதன்மையானது, அதை ஐந்தாறு சொற்களில் எப்படிச் சொல்வது என்பதை முடிவு செய்த பிறகே காகிதத்தில் சிறு சிறு செவ்வகங்கள் வரைந்து, இதழின் பெயர், முதன்மை வரி, துணை வரிகள் ஆகியவற்றின் இடத்தைப் பட்டைகளாகக் குறித்துப் பார்க்க வேண்டும். இந்தச் சிற்றோவியங்கள் நேர்த்தியாக இருக்க வேண்டியதில்லை, எண்ணிக்கையில் மிகுந்திருக்க வேண்டும். முதலில் தோன்றும் இரண்டு மூன்று அமைப்புகள் ஏற்கெனவே எங்கோ பார்த்தவையாகவே இருக்கும்.

தமிழ் எழுத்தைக் கையாளும்போது கூடுதல் கவனம் தேவை. ஆங்கில இதழ்கள் பெயரைப் பெரிய எழுத்துகளில் அமைத்து, ஒரே உயரமுள்ள பட்டையாக ஆக்கிக்கொள்கின்றன. தமிழில் அந்த வசதி இல்லை. கி, கீ போன்றவை மேலே ஏறுகின்றன, சு, பு போன்றவை கீழே இறங்குகின்றன. மேல் வரியின் உகரச் சுழி கீழ் வரியின் கொக்கியில் இடிக்காமலிருக்க, எழுத்தளவைவிட மூன்றில் ஒரு பங்கேனும் கூடுதலான வரியளவை (ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரையுள்ள தூரம்) வைத்துத் தொடங்கி, கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டுவது ஆங்கிலத்தில் அழகு தரலாம். தமிழிலோ 'கா' என்பதன் கால் தனியே விலகி 'கர' என்று படிக்கும்படி ஆகிவிடும். பக்கமாக்க மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். முதன்மை, துணை என்ற வேறுபாட்டை அளவாலும் தடிமனாலும் காட்டுங்கள். ஓர் எழுத்துருக் குடும்பத்தின் இரண்டு தடிமன்களே ஓர் அட்டைக்குப் போதுமானவை. மூன்று வெவ்வேறு எழுத்துருக்கள் சேர்ந்தால் கண் எதிலும் நிலைக்காது.

எழுத்து மட்டும் கொண்ட அட்டைகளில், எது முதலில், எது பிறகு கண்ணில் படும் என்ற படிநிலை தெளிவாக அமையத் தொடங்கிய பிறகு படத்துக்கு வாருங்கள். எழுத்துக்கு இடம் விட்டிருக்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள்: மேலே பெயருக்கு அமைதியான பரப்பு, ஒரு பக்கத்தில் வரிகளுக்கு வெற்றிடம். அட்டை நெடுக்கானது, கிடைமட்டப் படம் அதில் அடங்காது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ், கிடைமட்டமாக எடுக்கப்பட்ட கீசா பிரமிடுகளின் படத்தை நெடுக்கு அட்டைக்குள் கொண்டுவருவதற்காக, பிரமிடுகளைக் கணினி மூலம் நெருக்கி வைத்தது. அதற்கு எழுந்த கண்டனம் இன்றும் இதழியல் வகுப்புகளில் பேசப்படுகிறது. செய்திப் படத்தை நறுக்கலாம், மாற்றக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. படத்திலுள்ள முகம் எந்தத் திசையில் பார்க்கிறதோ அந்தத் திசைக்கே வாசகரின் கண்ணும் செல்லும் என்பதால், பார்வை போகும் பக்கத்தில் முதன்மை வரியை வையுங்கள். தலை இதழின் பெயரை மறைத்து முன்னால் நிற்கும் அமைப்பு ஆழம் தரக்கூடியது, ஆனால் தமிழில் ஒரு புள்ளி மறைந்தாலே சொல் மாறிவிடும். பெயரின் நடு எழுத்துடைய உடற்பகுதியை மட்டும் தலை தொடட்டும்.

ஓர் அட்டையை நன்றாகச் செய்துவிட்டால் மாணவர் நிறைவடைந்துவிடுகிறார். இதழ் என்பது மீண்டும் மீண்டும் வெளிவருவது. ஆகவே ஒரே பெயருக்கு அடுத்தடுத்த மூன்று அட்டைகள் செய்வதுதான் உண்மையான பயிற்சி. ஒன்றில் இருண்ட படம், ஒன்றில் வெளிர்ந்த படம், ஒன்றில் ஓவியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேஷனல் ஜியோகிராஃபிக்கின் மஞ்சள் சட்டகம் 1910 முதலும், டைமின் சிவப்புச் சட்டகம் 1927 முதலும் தொடர்வதால், உள்ளே எந்தப் படம் வந்தாலும் இதழ் அடையாளம் தெரிகிறது. உங்கள் மூன்று அட்டைகளிலும் எது மாறாமல் நிற்கிறது என்று கேட்டால், ஒரே வாக்கியத்தில் விடை சொல்ல முடிய வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் மாணவரின் வளர்ச்சி மிக விரைவாக நிகழ்கிறது என்பது என் கருத்து. முதல் அட்டைக்காக எடுத்த முடிவு மூன்றாவதில் ஏன் பொருந்தவில்லை என்று அவரே கண்டுகொள்வார்.

அச்சுக்கான விதிகள் சில, அவற்றைத் தொடக்கத்திலேயே கோப்பில் அமைத்துவிடலாம். ஏ4 அளவு 210 × 297 மில்லிமீட்டர். அச்சிட்ட பிறகு ஓரத்தை வெட்டுவதற்காக நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூட்டினால் 216 × 303 ஆகும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் படத்துக்கு ஏறத்தாழ 2550 × 3580 பிக்சல் வேண்டும். திரையில் ஒளிரும் பச்சையும் நீலமும் அச்சின் நான்கு மைகளில் மங்கிவிடுமாதலால், அந்த மைகளின் (வெளிர்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு) அளவால் வண்ணத்தைக் குறிக்கும் சிஎம்ஒய்கே முறையிலேயே வண்ணங்களைத் தேர்ந்தெடுங்கள். சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். பார்கோடின் கோடுகள் வெள்ளைப் பரப்பில் கறுப்பாக இருக்கட்டும். சிவப்பு ஒளியால் படிக்கும் கருவிகளுக்குச் சிவப்புக் கோடுகள் தெரியமாட்டா.

முடித்த அட்டையைச் சோதிக்கும்போது முதலில் வண்ணம் நீக்கிச் சாம்பல் நிறத்தில் பாருங்கள். முதன்மை வரி அப்போதும் முதலில் கண்ணில் பட வேண்டும். பிறகு மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள், ஏனெனில் இன்று பலர் அட்டையைக் கைப்பேசியில் அந்த அளவில்தான் முதலில் காண்கிறார்கள். இறுதியாக, இதற்கு முன் அதைப் பார்க்காத ஒருவரிடம் சில நொடிகள் காட்டி, மறைத்துவிட்டு, இந்த இதழ் எதைப் பற்றியது என்று கேளுங்கள். 'அழகாக இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள். அவர் சொன்ன விடையைத் தேதியுடன் அட்டையின் பின்புறம் எழுதி, அடுத்த அட்டையைத் தொடங்கும்போது அந்தக் குறிப்பை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.